துவக்கு சரியாய் இருக்கு, மிச்சம் எங்கே?

கார் து நோர் நிலையத்தில இறங்கி லாச்சப்பல் பக்கம் நடக்கிற எங்கட சனத்துக்கு, துவக்கோடு நிற்கிற ஆமிக்காரர் இப்ப புதிசில்லை. 2015 ஜனவரித் தாக்குதல்களுக்குப் பிறகு பிரெஞ்சு அரசு தொடங்கிய ‘சான்தினெல்’ நடவடிக்கையில் ரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் படையினர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வயது போனவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போவார்கள். சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த உடம்பு அப்படித்தான் செய்யும். இங்கே பிறந்த பிள்ளையோ நின்று வடிவாய்ப் பார்க்கும். “அது ஃபமாஸ் இல்லை அப்பா, எச்.கே. 416” எண்டு திருத்தமும் சொல்லும். அந்தத் திருத்தம் சரிதான். 2017 இலிருந்து பிரெஞ்சுப் படை ஃபமாஸைப் படிப்படியாகக் கைவிட்டு எச்.கே. 416க்கு மாறிக்கொண்டு வந்தது.

பிள்ளைக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால், பெரும்பாலும் வீடியோ கேமைத்தான் பெற்றோர் குற்றம் சொல்லுவினம். ஆனால் எங்கட சில வீடுகளில் இன்னொரு காரணமும் புத்தகத் தட்டில் நிற்கிறது. ஓரடி உயரப் படைவீரன். துணியால் தைத்த உடுப்பு, கழற்றிப் பூட்டக்கூடிய தலைக்கவசம், ரவைக்கூடு கழரும் துவக்கு, இடுப்புப்பட்டியில் தண்ணீர்ப் போத்தல், காலில் நாடா கட்டிய சப்பாத்து. லெ பிளாங்-மெனிலில் எங்கட கட்டடத்திலேயே இப்படிச் சேர்க்கிற இளம் பெடியன்கள் இருக்கிறார்கள். சனி ஞாயிறு பழைய சாமான் சந்தைகளிலும் சான்-துவான் சந்தையிலும் தேடித் திரிவார்கள். மிச்சத்தை இணையத்தில் ஹாங்காங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் தருவிப்பார்கள். நல்ல ஒன்றின் விலை நூற்றைம்பது, இருநூறு யூரோ எண்டால் அவர்களுக்கு அது சாதாரணம்.

போருக்குத் தப்பி வந்த தகப்பன் ஒருவருக்கு இது எப்படி இருக்கும் எண்டதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. “நாங்கள் ஓடி வந்ததை நீ காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய்” எண்டு ஒரு அப்பா சொல்ல, “அப்பா, இது பொம்மைதானே” எண்டு மகன் சொல்ல, அதோடு கதை முடிஞ்சுபோகும். அந்தக் கதை அந்த இடத்தில் முடியக்கூடாது எண்டு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சாமானில்தான் வியாபாரம்

முதலில், இது எங்கேயிருந்து வந்தது எண்டு பார்ப்போம். 1964 இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’வைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆறில் ஒரு பங்கு அளவு, அதாவது ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரம். ஆம்பிளைப் பிள்ளைகள் பொம்மை வைச்சு விளையாட மாட்டார்கள், தகப்பன்மாரும் வாங்கிக் குடுக்க மாட்டார்கள் எண்ட பயம் கம்பனிக்கு இருந்தது. அதனால் ‘பொம்மை’ என்ற சொல்லையே தவிர்த்து ‘அக்சன் ஃபிகர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

வியாபார யோசனை 1959 இல் வந்த பார்பியிடமிருந்து எடுத்தது. சவர அலகு விற்பவன் பிடியை மலிவாய்க் குடுத்துவிட்டு அலகில் காசு பார்ப்பான். அதேபோல பொம்மையை ஒருக்கால் வாங்கினால், அதற்கு உடுப்பும் சாமானும் வாழ்நாள் முழுக்க வாங்கலாம். கடற்படை உடுப்பு வேறு, விமானப்படை உடுப்பு வேறு, கூடாரம் வேறு, இயந்திரத் துவக்கு வேறு. ஆகவே சாமான் எவ்வளவு ‘நிஜமாய்’ இருக்கிறது எண்டது தொடக்கத்திலிருந்தே இந்தப் பொழுதுபோக்கின் ஆதாரம். பொம்மையின் முகத்தில் அவர்கள் கவனமாய் வைத்தது ஒரு காயத் தழும்பு மட்டும்தான். மனித உடம்பின் வடிவத்துக்கு உரிமை கோருவது கடினம் என்பதால், யாரும் களவாய்ப் பிரதி பண்ணினால் காட்டிக்குடுக்கிற அடையாளமாக அந்தத் தழும்பு இருந்தது. அது போரில் பட்ட காயம் அல்ல, வழக்குக்குத் தேவையான காயம்.

1966 இல் இங்கிலாந்தில் பாலிட்டோய் நிறுவனம் ‘அக்சன் மான்’ எண்டு அதைக் கொண்டுவந்தது. பிரான்சில் 1970களில் ‘அக்சன் ஜோ’ வந்தது. இங்கத்தைய பழைய சாமான் சந்தைகளில் ஐம்பது அறுபது வயதுக்காரர் குனிந்து தேடுவது பெரும்பாலும் அதைத்தான்.

வியட்நாம் போர் தொலைக்காட்சி வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் வந்தபோது, போர் விளையாட்டுச் சாமானை வாங்கிக் குடுக்கத் தாய் தகப்பன் தயங்கினார்கள். 1970 அளவில் ஹாஸ்ப்ரோ தன் படைவீரனைச் சாகசக்காரனாக்கி, காட்டுக்கும் கடலுக்கும் புதையல் தேட அனுப்பியது. போர் உண்மையாய்த் தெரிந்த நேரத்தில் போர்ப் பொம்மை விற்கவில்லை. போர் தூரமாய்ப் போன பிறகு 1982 இல் ஜி.ஐ. ஜோ திரும்பப் படைவீரனாகவே வந்தான், இந்த முறை பத்து சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த சின்ன உருவமாக.

அந்தச் சின்ன உருவத்துக்குத் தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு இருக்கு. சென்னையின் எம்.ஆர்.எஃப் ரயர் கம்பனியை எல்லாருக்கும் தெரியும். அது 1946 இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சின்னக் கொட்டிலாகத் தொடங்கியது. அதே எம்.ஆர்.எஃப், ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து 1987 இல் ‘ஃபன்ஸ்கூல்’ கம்பனியை உருவாக்கி, ஜி.ஐ. ஜோ உருவங்களை இந்தியாவிலேயே வார்த்து விற்றது. அமெரிக்க மூலத்தில் இல்லாத விசித்திரமான நிறங்களில் அவை வந்தன. அந்த ‘பிழை’ நிறங்களுக்காகவே இன்று மேற்கு நாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதை வைத்து விளையாடிய இந்தியப் பிள்ளைக்கு நிறம் சரியோ பிழையோ எண்ட கேள்வியே இருந்திருக்காது. துல்லியம் எண்டது வளர்ந்தவர்களின் பசி.

அந்தப் பசிக்குத் தீனி போட 1990களின் கடைசியில் ஹாங்காங் கம்பனிகள் இறங்கின. பிளாஸ்டிக் மாதிரிகள் செய்துகொண்டிருந்த டிராகன் நிறுவனம் 1999 இல் ஆறில் ஒரு பங்குப் படைவீரர்களை வெளியிட்டது. 2000 இல் தொடங்கிய ஹொட் ரோய்ஸ், இன்று சினிமா நாயகர்களால் பேர் பெற்றிருந்தாலும், ஆரம்பத்தில் படைவீரர்களைத்தான் செய்தது.

எவ்வளவு நிஜம்?

சேகரிப்பாளர் ஒருவரோடு கொஞ்ச நேரம் இருந்து கேட்டால் இந்தத் துல்லியம் ஒரு தனிப் படிப்பு எண்டு விளங்கும். ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட படையணி, எந்தப் பையை எந்தப் பக்கம் கட்டியது எண்டு பழைய படங்களைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். துவக்கின் வார் எந்த வளையத்தில் கொழுவவேண்டும் எண்டு விவாதம் நடக்கும். பெட்டியிலிருந்து எடுத்த உடுப்பு புதிதாய் இருந்தால் பொய்யாய்த் தெரியும் எண்டு, தேத்தண்ணியில் தோய்த்து, அரத்தாள் தேய்த்து, சப்பாத்தில் மண்நிறம் பூசி அழுக்காக்குவார்கள். ஒரு பொம்மையின் கை, இன்னொன்றின் சட்டை, மூன்றாவதின் துவக்கு எண்டு சேர்த்து, தாங்களே புதிதாய் ஒருவரை உருவாக்குவதும் உண்டு. அதற்கு ‘கிட்பாஷ்’ எண்டு பெயர்.

ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்க முடியாது. துணியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை ஆறில் ஒன்றாக வெட்டலாம், நூலின் தடிப்பை ஆறில் ஒன்றாக்க ஏலாது. அதனால்தான் பொம்மையின் உடுப்பு எவ்வளவு நல்லாய்த் தைத்தாலும் கொஞ்சம் ஊதிப்போய் நிற்கும். இரண்டாவது, நிறை. நீளம் ஆறில் ஒன்றானால் நிறை ஆறில் ஒன்று ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 216 இல் ஒன்றாகிவிடும். 87 சென்ரிமீற்றர் நீளமான ஏ.கே. 47 பொம்மையின் கையில் 14.5 சென்ரிமீற்றர். நாலு கிலோவுக்குக் கிட்ட இருக்கிற அதன் நிறையோ, அதே உலோகத்தில் செய்தால்கூட, இருபது கிராம் வராது. பார்க்க எல்லாம் அப்படியே இருக்கும். தூக்கினால் ஒன்றுமே இல்லை.

பாரம் இல்லாத போர். இந்த இடத்தில்தான் அந்த அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் உள்ள இடைவெளி இருக்கு. மகனுக்கு வடிவம் தெரியும். அப்பாவுக்குப் பாரமும் சத்தமும் தெரியும்.

சத்தம் எண்டதை லெ பிளாங்-மெனில்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து லெ பூர்ஜேயில் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் விமானக் கண்காட்சி நடக்கும். அந்தக் கிழமை போர்விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கும்போது பெடியன்கள் போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடுவார்கள். அம்மம்மாமார் சுவரோரம் போய் நிற்பார்கள். 1996 இல் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடமிருந்து வாங்கிய கிபிரின் சத்தம் அவர்களின் காதை விட்டுப் போகவில்லை. இதில் ஒரு விசயம் பல பேருக்குத் தெரியாது. கிபிர், பிரான்சின் தசோ நிறுவனத்தின் மிராஜ் 5 வடிவமைப்பின் வழிவந்தது. அந்த மிராஜ் குடும்பத்து விமானங்களை லெ பூர்ஜே விமான நூதனசாலையில் போய்ப் பார்க்கலாம். மகன் மிராஜின் இறக்கையை முக்கோணம் எண்டு வர்ணிப்பான். அம்மம்மாவுக்கு அந்த முக்கோணம் வானத்தில் எந்தப் பக்கம் திரும்பினால் எங்கே விழுந்து படுக்கவேண்டும் எண்டு தெரியும். இரண்டும் ஒரே விமானத்தைப் பற்றிய அறிவுதான். இரண்டு பேரும் அதை ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கிறார்களா எண்டதுதான் கேள்வி.

பொம்மை கைதியான கதை

சாமானின் துல்லியம் உலகத்தையே ஒருநாள் ஏமாற்றிய கதையும் இருக்கு. 2005 பெப்ரவரி தொடக்கத்தில் ஈராக் ஆயுதக்குழு ஒன்றின் பேரில் இணையத்தில் ஒரு படம் வந்தது. பாலைவன உடுப்போடு ஒரு அமெரிக்கச் சிப்பாய் சுவரோரம் இருக்கிறான், தலைக்கு நேரே துவக்கு. ஜோன் அடம் எண்டு பெயர், கைதிகளை விடாவிட்டால் தலையை வெட்டுவோம் எண்டு அறிவிப்பு. செய்தி நிறுவனங்கள் படத்தைப் பரப்பின. அமெரிக்கப் படை தன் ஆட்களில் யாரும் காணாமல் போகவில்லை எண்டது. பிறகு டிராகன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைதான் விசயத்தை உடைத்தது: இது தங்களின் ‘ஸ்பெஷல் ஒப்ஸ் கோடி’ எண்ட பொம்மை மாதிரி இருக்கு, குவைத்தில் உள்ள அமெரிக்கப் படைமுகாம் கடைகளில் விற்றது எண்டு. நீட்டியிருந்த துவக்கும் பொம்மையோடு வந்த துவக்கைப் போலவே இருந்தது.

சிரிக்கலாம். ஆனால் பைகளும் உடுப்பும் சரியாய் இருந்தபடியால்தான் அந்தப் படத்தை உலகம் நம்பியது. முகத்தை ஊன்றிப் பார்க்க ஒரு நாள் எடுத்தது. சாமானைப் பார்த்து ஆளை நம்புகிற பழக்கம் எல்லாரிடமும் இருக்கு.

எங்கட கதை இதற்கு நேர்மாறு. 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கண் கட்டிய, உடுப்பில்லாத மனிதரைச் சுட்டுக் கொல்கிற காட்சி. இலங்கை அரசு அது போலி எண்டது. அங்கே பொம்மையை ஆள் எண்டு நம்பினார்கள். இங்கே செத்த ஆளைப் பார்த்து நடிப்பு எண்டார்கள். அப்போது ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன், மூன்று நிபுணர்களிடம் வீடியோவைக் குடுத்து ஆராய்ந்தார். சட்ட மருத்துவர் ஒருவர், வீடியோ நிபுணர் ஒருவர், துவக்கு நிபுணர் ஒருவர். துவக்கு நிபுணர் பார்த்தது என்ன? சுடும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கிற விதம், சுடுபவரின் உடம்பு அசைகிற விதம், குழல்வாயிலிருந்து வெளியேறுகிற வாயு. வெற்று ரவை இல்லை, உண்மையான ரவைதான் எண்டதற்கு அவை ஒத்துப்போயின. வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது எண்டு 2010 ஜனவரியில் அல்ஸ்ரன் அறிவித்தார். பிறகு வந்த நீண்ட பதிவையும், அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த கிறிஸ்டோஃப் ஹெயின்ஸ் 2011 இல் உண்மையானதே எண்டு ஏற்றுக்கொண்டார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? துவக்கின் ஒவ்வொரு உறுப்பும் எப்படி அசையும், உடுப்பு எந்தப் படையுடையது, பை எந்த ஆண்டினது எண்டு பார்க்கிற அந்தக் கண், வெறும் விளையாட்டுக் கண் இல்லை. அதே கண்தான் ஒரு படம் எங்கே எடுத்தது, அதில் நிற்பது யார் எண்டு நிறுவுகிறது. இன்று போர்க்குற்றங்களை ஆராய்கிறவர்கள் உடுப்பின் உருமறைப்புக் கோலத்தையும் ஷெல் துண்டின் வடிவத்தையும் வைத்துத்தான் தொடங்குகிறார்கள். எங்கட வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திறமை இருந்தால் அதைப் பழிக்கத் தேவையில்லை. அதற்கு ஒரு வேலை குடுக்கவேணும்.

எங்கட சேகரிப்பு

“எங்கட காலத்தில இப்பிடி ஒண்டும் இல்லை” எண்டு பெரியவர்கள் சொல்லுவினம். இருந்தது. வாழைமட்டையைக் கீறித் துவக்குச் செய்து ‘பட பட’ எண்டு அடிச்சது யார்? ஒழுங்கைகளில் ‘ஆமியும் இயக்கமும்’ விளையாடி, ஆமியாய் நிற்க ஆள் இல்லாமல் சண்டை பிடிச்சது யார்? காலமை எழும்பி வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கி, நீளத்தை வைச்சு எது எந்தத் துவக்கினுடையது எண்டு பிரிச்சு, பால்மா ரின்னில் போட்டு வைச்ச பிள்ளைகள் எத்தனை பேர்! இரவில் எறிந்த பரா லைட்டின் வெள்ளைப் பரசூட் துணி விழுந்த வளவைத் தேடி ஓடினார்கள். அதுவும் சேகரிப்புத்தான். ஆறில் ஒன்று இல்லை, ஒன்றுக்கு ஒன்று அளவு. அதில் வெடிக்காத ஒன்றைத் தூக்கிக் கை போன பிள்ளையும் உண்டு, உயிர் போன பிள்ளையும் உண்டு. பொம்மைத் துவக்கைத் தாண்டி, 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் கைக்கு நிஜத் துவக்குப் போனதும் எங்கட சரித்திரத்தில் இருக்கு. அதை மறைத்துவிட்டு, பிளாஸ்டிக் துவக்கைக் கண்டு மட்டும் பதறினால் பிள்ளை நம்பாது.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நாங்கள் சொல்லவில்லை. ஒன்றில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம், அல்லது மேடையில் சொல்கிற மாதிரிப் பெரிய சொற்களில் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சாமான்களைச் சொல்வதில்லை. பிள்ளை கேட்பது அந்தச் சின்னச் சாமானைத்தான். அவனுக்குப் பெட்டியில் வருகிற பட்டியல் விருப்பம்: துவக்கு 1, ரவைக்கூடு 4, தண்ணீர்ப் போத்தல் 1, கைக்குண்டு 2.

அப்படியெண்டால் எங்கட பட்டியலைக் குடுப்போம். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ள, வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. ஒரு குடும்பத்தின் சாமான் என்ன? சைக்கிள் ஒன்று, ஹான்டிலில் இரண்டு பக்கமும் பை. உரப்பைக்குள் அரிசி. ஒரு சருவச்சட்டி. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீனில் சுற்றி அம்மாவின் இடுப்பில். அடையாள அட்டை. அப்பாவின் தோளில் அம்மம்மா.

2009 இல் வன்னியில்? தறப்பாள் ஒரு துண்டு. மண்வெட்டி, போகிற இடமெல்லாம் பங்கர் வெட்ட. மண் அள்ளிப் போட சாக்கு இல்லாமல் போனபோது, பெண்கள் தங்கட சேலைகளை வெட்டிப் பைகளாய்த் தைத்து மண் நிரப்பி பங்கரைச் சுற்றி அடுக்கினார்கள். கூறைச்சேலையும் அதற்குள் போனது. அந்த மண்மூட்டைக்கு எந்தக் கம்பனியிடமும் மாதிரி இல்லை. மண்மூட்டை எண்டால் பச்சையோ மண்நிறமோதான் எண்டு பொம்மை உலகம் நினைக்கிறது. முள்ளிவாய்க்காலில் அது பூப்போட்டும் இருந்தது, கரை வைத்தும் இருந்தது.

இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நிஜத்தில் இல்லாத பாதி. இரண்டாம் உலகப் போரில் எந்தப் படை என்ன சப்பாத்துப் போட்டது எண்டு பார்த்துச் செய்கிற கம்பனி, அந்தச் சப்பாத்துக்கு முன்னால் ஓடியவர் என்ன தூக்கிக்கொண்டு ஓடினார் எண்டு பார்ப்பதில்லை. அதை வாங்க ஆள் இல்லை எண்டது அவர்களின் நியாயம். எங்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது. கிட்பாஷ் எண்ட ஒன்று இருக்கே! ஆறு யார் சேலை எண்டால் ஐந்தரை மீற்றர். ஆறில் ஒன்று, 92 சென்ரிமீற்றர். அம்மாவின் பழைய சேலை ஒன்றில் கிழித்தால் போதும். உரப்பைக்கு இங்கத்தைய அரிசிப் பையின் மூலை. தறப்பாளுக்கு நீலப் பிளாஸ்டிக். அளவு சொல்ல மகனுக்குத் தெரியும். எது எங்கே கட்டியிருந்தது எண்டு சொல்ல அம்மாவுக்குத் தெரியும்.

இது புது யோசனை இல்லை. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கிறோமே, அது என்ன? அரிசியும் தண்ணியும் உப்பும், ஊற்றிக் குடிக்க ஒரு சிரட்டை. ஆயிரம் பேச்சால் விளங்காததை அந்தச் சிரட்டை இங்கே பிறந்த பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிறது. கையில் பிடிக்கிற சாமானால் ஞாபகத்தைக் குடுக்கலாம் எண்டு எங்கட சனம் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது.

பெற்றோருக்குச் சில நடைமுறை விசயங்கள்

ஒன்று, பெட்டியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு விளையாட்டுப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் விளையாட்டுச் சாமான் எண்டால் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கானது. ‘14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளருக்கு’ எண்டு பெட்டியில் தெளிவாய்ப் போட்டிருந்தால் அது அந்தச் சட்டத்துக்குள் வராது. அதாவது பெரிய விலைக்கு வாங்குகிற இந்தப் படைவீரர்கள் சட்டப்படி விளையாட்டுச் சாமான்களே இல்லை. சின்னத் தம்பி தங்கச்சி இருக்கிற வீட்டில், வாய்க்குள் போகக்கூடிய ரவைக்கூடும் கைக்குண்டும் எட்டாத உயரத்தில் இருக்கவேணும்.

இரண்டு, 14 சென்ரிமீற்றர் துவக்கால் ஆபத்தில்லை. நிஜ அளவில் இருக்கிற போலித் துவக்குத்தான் ஆபத்து. பிரான்சில் 1999 மார்ச் 24 ஆம் திகதிய ஆணையின்படி, துவக்குப் போலத் தோற்றமளித்து 0.08 ஜூலுக்கு மேல் சக்தியோடு குண்டு எறிகிற சாமானை 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவோ குடுக்கவோ கூடாது. குண்டு எறியாததாய் இருந்தாலும் தெருவுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். 2014 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், 12 வயது தமீர் ரைஸ் எண்ட கறுப்பினச் சிறுவன் பூங்காவில் வைத்திருந்தது விளையாட்டுத் துவக்கு. பொலிஸ்காரர் வந்து இறங்கிய சில வினாடிகளில் அவனைச் சுட்டார். ஆயுதத்தோடு படையினர் சுற்றுகிற ஊரில், மண்ணிறத் தோல் கொண்ட பிள்ளையின் கையில் இருப்பது பொம்மை எண்டு தூரத்தில் நிற்பவருக்குத் தெரியவேண்டும் எண்டில்லை.

மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்வலிட்டில் உள்ள இராணுவ நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நுழைவு இலவசம். ஈயத்திலும் தகரத்திலும் கடதாசியிலும் செய்த பழைய குட்டிப் படைவீரர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நிற்கிறார்கள். அரசர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் போரைப் படித்தார்கள் எண்டு மகனுக்குக் காட்டலாம். அணிவகுப்பில் யார் இல்லை எண்டும் கேட்கலாம். கேள்வியை அவனே கண்டுபிடித்தால் இன்னும் நல்லம்.

நாலு, தூக்கி எறியாதீர்கள். எறிந்தால் அவன் ஒளித்து வைப்பான். அதோடு உங்களிடம் கேட்கிறதையும் விட்டுவிடுவான். எங்கட தலைமுறையின் பெரிய இழப்பு, பிள்ளைகள் எங்களிடம் கேட்காமல் இணையத்தில் தேடப் பழகினதுதான். இணையத்தில் ஏ.கே. 47 இன் நீளம் இருக்கும். நாவற்குழிப் பாலத்தில் அண்டு இரவு எவ்வளவு நேரம் நிண்டனீங்கள், ஆர் உங்களுக்குத் தண்ணி தந்தது எண்டது எங்கேயும் இருக்காது.

போர் தெரிந்த கடைசித் தலைமுறை நாங்கள். எங்களுக்குப் பிறகு இங்கே மிஞ்சப்போவது படங்களும் சாமான்களும்தான். படத்தைப் போலி எண்டு சொல்ல ஆட்கள் எப்பவும் இருப்பார்கள். அந்த நேரத்தில், “இல்லை, இந்த மண்மூட்டை சேலைத்துணி. கரையைப் பாருங்கோ. அம்மா எனக்குச் சொல்லித் தந்தவ” எண்டு அளவோடும் ஆதாரத்தோடும் பதில் சொல்ல ஒரு பிள்ளை வேணும். துவக்கின் பெயரைச் சரியாய்ச் சொல்லத் தெரிந்த பிள்ளை அந்த வேலைக்குப் பாதித் தயார். மற்றப் பாதியைச் சொல்லிக்குடுக்க இணையத்தாலும் முடியாது, ஹாங்காங் கம்பனியாலும் முடியாது. அது எங்கட வேலை. அடுத்த முறை அவன் புதுப் பெட்டியை உடைக்கும்போது பக்கத்தில போய் இருங்கள். ஒவ்வொரு சாமானாய் அவன் பெயர் சொல்லட்டும். பிறகு உங்கட பட்டியலைத் தொடங்குங்கள்.